இருட்டில் பார்க்கும் கருவி: முதன்முதலாக வாங்குவோர் கவனத்திற்கு

பங்குனி பிறந்துவிட்டால் நம் வணிகர்களில் பலருக்குக் கடை ஒரு கண், தோப்பு ஒரு கண் என்று ஆகிவிடுகிறது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மளிகைக் கடை நடத்துவோர், அரிசி, பருப்பு, எண்ணெய் மொத்த வியாபாரம் செய்வோர் ஆகியோரில் பலருக்கு மலையடிவாரத்தில் மாந்தோப்போ தென்னந்தோப்போ இருக்கிறது. சொந்தத் தோப்பு இல்லாதவர் பருவத்துக்குக் குத்தகை பிடிக்கிறார். பகல் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்திருந்தாலும், இரவு பத்து மணிக்கு ஷட்டரை இறக்கிய பிறகு மனம் என்னவோ அய்யனார் கோவில் பக்கமும் செண்பகத்தோப்பு பக்கமும்தான் போய் நிற்கும். காய் தங்குமா, காவலுக்குப் படுத்திருப்பவர் பத்திரமாக இருக்கிறாரா என்ற கவலை.

சென்ற பருவத்தில் நமக்குத் தெரிந்த ஒரு குத்தகைதாரரின் தோப்பில் நடந்தது இது. காவலுக்கு இருந்தவருக்கு வயது அறுபதைத் தாண்டியது. நள்ளிரவுக்கு மேல் கிளை முறியும் சத்தம் கேட்டு, மாங்காய்த் திருடர்கள் என்று நினைத்து டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு சத்தம் வந்த பக்கம் நடந்திருக்கிறார். பத்தடி தூரத்தில் வெளிச்சம் பட்டது ஒரு யானையின் முன்னங்காலில். டார்ச்சைப் போட்டுவிட்டு ஓடியவர் ஓடைக்குள் விழுந்ததால் பிழைத்தார். கை எலும்பு முறிந்தது. மறுநாள் முதலாளி ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் சொன்னது: "மொதலாளி, அது அங்கன நிக்குதுன்னு மட்டும் தெரிஞ்சிருந்தா நான் குடிசையை விட்டே எறங்கியிருக்க மாட்டேன்."

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் நம் உறுப்பினர்கள் பலர் இருட்டில் பார்க்கும் கருவி பற்றி விசாரிக்கத் தொடங்கினார்கள். சிலர் விளம்பரத்தைப் பார்த்து வாங்கியும் விட்டார்கள். அப்படி வாங்கியவற்றில் சில இன்று கல்லாப் பெட்டிக்கு அடியில் தூசி படிந்து கிடக்கின்றன. காசு கொடுத்து ஏமாந்தோம் என்று வெளியே சொல்லவும் வணிகனுக்குக் கூச்சம். எனவே நாம் விசாரித்ததையும், இரவல் வாங்கிப் பார்த்ததையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். குடோனுக்கு இந்தக் கருவி தேவையில்லை. நான்கு சுவரும் கூரையும் உள்ள இடத்துக்கு, இருட்டிலும் படம் பிடிக்கும் அகச்சிவப்பு விளக்கு வைத்த சாதாரணக் கண்காணிப்பு கேமராவே போதும். அது தூங்காது, பதிவும் செய்து வைக்கும். 2025 ஏப்ரல் முதல் இத்தகைய கேமராக்களுக்கு மத்திய அரசு பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சோதனைச் சான்று உள்ள மாடலா என்று கேட்டு வாங்குங்கள். கேமராவைக் கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே வைத்து வெளியே பார்க்க வைக்காதீர்கள். இரவில் அதன் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படம் முழுவதும் வெள்ளையாகிவிடும். வாரம் ஒரு முறை ஒட்டடையையும் தட்ட வேண்டும். லென்ஸ் முன்னால் சிலந்தி ஒரு நூல் கட்டினால் இரவில் அது தேர் வடம் போலத் தெரியும். குடோன் சங்கதி இவ்வளவுதான். இனி தோப்புக்கு வருவோம்.

கருவிகள் மூன்று விதம்

கடையில் "நைட் விஷன்" என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்களை விற்கிறார்கள். புழுங்கல், பச்சரிசி, அவல் மூன்றையும் அரிசி என்ற ஒரே பெயரில் விற்பது போன்ற காரியம் இது. பெட்டியில் உள்ளது எது என்று தெரியாமல் விலை பேசுவதில் பயனில்லை.

முதலாவது, ஒளியைப் பெருக்கும் குழாய்க் கருவி. சினிமாவில் பச்சை நிறமாகத் தெரிவது இதுதான். நட்சத்திர வெளிச்சமோ நிலா வெளிச்சமோ குழாயின் முன்பக்கத் தகட்டில் பட்டதும் எலெக்ட்ரான்கள் கிளம்புகின்றன. அவற்றை மின்னழுத்தத்தால் வேகப்படுத்திப் பின்பக்கத் திரையில் மோதவிட்டால், அங்கே பல மடங்கு பிரகாசமான படம் தெரிகிறது. நம் கண் பச்சை நிறத்தைத்தான் நன்றாக உணரும் என்பதால் திரைக்குப் பச்சையைத் தேர்ந்தெடுத்தார்கள். வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் பயன்படுத்தியது இதன் முதல் தலைமுறை. மூன்றாம் தலைமுறையில் காலியம் ஆர்சனைடு என்ற பொருளைப் பூசிய தகடு வந்தது. அது இன்றும் ராணுவச் சரக்குதான். அமெரிக்க அரசின் அனுமதி இல்லாமல் அந்நாட்டை விட்டு வெளியே போகாது. ஆகவே யாராவது நம்மிடம் வந்து "மிலிட்டரி ஜென் த்ரீ, பத்தாயிரம் ரூபாய்" என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

சோவியத் நாடு 1991 ல் உடைந்த பிறகு முதல் தலைமுறைக் கருவிகள் உலகச் சந்தையில் மலிவாகக் கொட்டின. இன்றும் பழைய சரக்காகக் கைக்குக் கை மாறுகின்றன. அவற்றை நாம் பரிந்துரைக்க மாட்டோம். படத்தின் ஓரம் வளைந்து தெரியும். குழாய்க்கு ஆயுள் உண்டு. எவ்வளவு ஓடியது என்பது விற்பவருக்கே தெரியாது. எரிந்துகொண்டிருக்கும்போது லாரி ஹெட்லைட் நேராகப் பட்டால் குழாய் கெட்டுப்போகலாம். அதோடு, மாமரத்தடியில் நிலா வெளிச்சம் ஏது? பெருக்குவதற்கு ஏதாவது வெளிச்சம் இருந்தால்தானே பெருக்கும்.

இரண்டாவது, டிஜிட்டல் வகை. சில ஆயிரம் முதல் பத்து, இருபதாயிரம் வரை விலை சொல்லி விற்கும் பெரும்பாலானவை இதுவே. உள்ளே இருப்பது கேமராவில் உள்ளது போன்ற சென்சார், ஒரு சிறிய திரை, முன்னால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு. அந்த விளக்கே இதன் உயிர். விளக்கு எட்டும் தூரம்தான் கருவி பார்க்கும் தூரம். பகல் வெளிச்சத்தால் கெடாது, படம் பதிவு செய்யலாம், விலை தாங்கும். நம் பட்ஜெட்டுக்கு முதல் கருவி என்றால் இதில்தான் தேட வேண்டும்.

மூன்றாவது, தெர்மல் என்னும் வெப்பம் காணும் கருவி. இதற்கு வெளிச்சமே வேண்டாம். உடல் சூட்டைப் படமாக்குகிறது. உண்மையில் யானைக்கு ஏற்ற கருவி இதுதான். கோவையை அடுத்த மதுக்கரையில் ரயில் பாதையில் யானைகள் அடிபட்டுச் சாவதைத் தடுக்க 2024 பிப்ரவரியில் தொடங்கிய திட்டத்தில், 12 கோபுரங்களில் சாதாரண கேமராக்களோடு தெர்மல் கேமராக்களையும் வைத்திருக்கிறார்கள். ரூ.7.24 கோடித் திட்டம் அது. கையில் பிடித்துப் பார்க்கும் தரமான தெர்மல் கருவி லட்சத்தைத் தொட்டுவிடும். தனி ஒருவர் வாங்குவது கடினம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம்.

நாம் பார்த்த பார்வை

சித்திரை அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், மலையடிவாரத் தோப்பு ஒன்றில் மூன்று கருவிகளை வைத்துப் பார்த்தோம். ஒன்று, உறுப்பினர் ஒருவர் விளம்பரம் பார்த்து வாங்கிய இரட்டைக் கண் டிஜிட்டல் கருவி. இரண்டாவது, சற்று விலை கூடிய ஒற்றைக் கண் டிஜிட்டல் கருவி. மூன்றாவது, மதுரையிலிருந்து ஒரு விற்பனையாளர் காட்டுவதற்காகக் கொண்டுவந்த தெர்மல்.

முதல் கருவியின் பெட்டியில் 300 மீட்டர் என்று போட்டிருந்தது. வெள்ளை வேட்டி கட்டிய நம் நண்பர் ஒருவரை வரப்பில் நடக்கச் சொன்னோம். ஐம்பது மீட்டர் வரை ஆள் என்று தெரிந்தது. அதற்கு மேல் வெள்ளையாக ஏதோ அசைகிறது என்பதோடு சரி. வேட்டியை மடித்துக் கட்டிக் கறுப்புச் சட்டையோடு போனபோது அதுவும் இல்லை. பெட்டியில் பொய்யா போட்டிருக்கிறார்கள் என்றால், முழுப் பொய்யும் அல்ல. ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரிவது ஒரு தூரம், அது மாடா மனிதனா என்று தெரிவது ஒரு தூரம், எந்த மனிதன் என்று தெரிவது மற்றொரு தூரம். பெட்டியில் அச்சடிப்பது முதல் தூரத்தை. நமக்கு வேண்டியது இரண்டாவது. பெட்டியில் உள்ள எண்ணை ஐந்தால் வகுத்துக்கொள்வது நாம் இப்போது பின்பற்றும் கணக்கு. இது நம் அனுபவக் கணக்கு, விஞ்ஞானம் அல்ல.

அந்தக் கருவியில் அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. அது எதையும் ஐந்து மடங்கு பெரிதாகக் காட்டுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கண்ணில் வைத்துக்கொண்டு நான்கு எட்டு நடந்து பாருங்கள்! காலடி தெரியவில்லை. நம் தோப்புகளில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். பெரிதாக்கிக் காட்டும் கருவியை நின்ற இடத்தில், உட்கார்ந்த இடத்தில் பார்க்கத்தான் பயன்படுத்த வேண்டும். நடப்பதற்கென்றால் பெரிதாக்காமல் உள்ளபடி காட்டும் கருவி வேண்டும். மலிவு விலையில் அப்படிப்பட்டவை குறைவு. ஆனால் காவல்காரர் நடக்க வேண்டும் என்று யார் சொன்னது? குடிசையில் இருந்தபடியே, பரணில் இருந்தபடியே சுற்றிலும் பார்த்துவிட்டு, இறங்கலாமா கூடாதா என்று முடிவு செய்வதற்குத்தான் இந்தக் கருவி. மேலே சொன்ன பெரியவர் கேட்டதும் அதைத்தான்.

ஒற்றைக் கண் கருவி நமக்கு மிகவும் பிடித்திருந்தது. நம் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகிறது. திரை வெளிச்சத்தை ஒரு நொடி பார்த்தாலும் அந்தப் பழக்கம் போய்விடும். இரட்டைக் கண் கருவியை இறக்கியதும் இரண்டு கண்ணும் குருடுதான். ஒற்றைக் கண் கருவி என்றால் மற்றக் கண் இருட்டிலேயே இருக்கும். விலையும் குறைவு, மடியில் செருகிக்கொள்ளலாம். கண்ணாடி மாதிரி தலையில் மாட்டுவதைத்தான் பிள்ளைகள் கேட்பார்கள். பெரியவர்கள் ஒற்றைக் கண்ணை வாங்குங்கள்.

இரண்டு டிஜிட்டல் கருவிகளிலும் ஒரு பொதுவான தொல்லை கண்டோம். மாமரம் தாழ்ந்து கவிந்திருக்கும் இடத்தில், பக்கத்து இலையில் அகச்சிவப்பு ஒளி பட்டு அது பளீரென்று வெளுக்கிறது. பின்னால் உள்ளதெல்லாம் கறுப்பாகிவிடுகிறது. தூறல், பனி, புழுதி இருந்தாலும் இப்படியே. விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். அந்த வசதி இல்லாத கருவி நம் தோப்புக்கு ஆகாது. விளக்கு 850 நானோமீட்டரா 940 நானோமீட்டரா என்றும் கேளுங்கள். 850 என்றால் தூரம் அதிகம், ஆனால் எதிரே நிற்பவருக்கு மங்கலான சிவப்புப் புள்ளி தெரியும். 940 என்றால் யாருக்கும் தெரியாது, தூரம் குறையும். நமக்கு 850 போதும். காவல் இருக்கிறது என்று திருடனுக்குத் தெரிந்தால் நல்லதுதானே.

தெர்மல் கருவியைக் கண்ணில் வைத்ததும் அனைவரும் வாயடைத்துப் போனோம். இலைக்குப் பின்னால் பாதி மறைந்திருந்த நாய்கூட வெண்மையாகத் தெரிந்தது. ஆனால் முன்னிரவில் பாறைகளும் வெயிலில் காய்ந்த மண்ணும் சூடாகவே இருப்பதால் படம் சற்று மங்கல். இரண்டு மணிக்கு மேல் பார்த்தபோதுதான் துல்லியம். வேன் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. உடல் சூடு கண்ணாடியை ஊடுருவாது.

அந்த நாய் ராஜபாளையம் நாய்தான். 2005 ல் அஞ்சல் தலையில் ஏறிய நம் ஊர் நாய்! ஆள் நடமாட்டத்துக்கு அதைவிடச் சிறந்த இரவுக் கருவியை நாம் இன்னும் பார்க்கவில்லை. வெள்ளைக் குட்டிகளில் காது கேளாதவையும் உண்டு என்பதால் வாங்கும்போது முதுகுக்குப் பின்னால் கை தட்டிப் பார்க்க வேண்டும். யானை நடமாடும் தோப்பில் மட்டும் நாயை அவிழ்த்துவிடாதீர்கள். அது குரைத்து யானையைக் கிளப்பிவிட்டு, நேராக முதலாளியிடம்தான் ஓடி வரும்.

வாங்கும் முறை

மளிகைக் கடைக்காரருக்குப் பொட்டலத்தைப் படிக்கச் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் கடையில் ஒரு பாக்கெட்டில் தயாரிப்பாளர் முகவரி, அதிகபட்ச விலை, மாதம், வருடம், புகார் தொலைபேசி எண் இல்லாவிட்டால் எடையளவு ஆய்வாளர் நம்மை விடுவாரா? 2011 ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகள் இறக்குமதிப் பெட்டிக்கும் உண்டு. இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் பெட்டியில் இல்லையென்றால், கருவி பழுதானால் போய் நிற்க வாசல் இல்லை என்று பொருள்.

பேட்டரியைக் கவனியுங்கள். பல கருவிகளில் 18650 என்ற உருளை லித்தியம் பேட்டரி இருக்கும். அதன் மேல் 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சடித்திருந்தால் அது பித்தலாட்டம். அந்த அளவுள்ள நல்ல பேட்டரியே 3500 ஐ ஒட்டித்தான் தாங்கும். பேட்டரியில் பொய் சொன்னவர் கருவியில் உண்மை சொல்லியிருப்பார் என்று நாம் நம்புவதற்கில்லை. விளக்கை முழுதாக எரியவிட்டு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதே கேள்வி. இரவு முழுக்க எதுவும் ஓடாது. மாற்று பேட்டரி ஒன்று தனியாகக் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் பகலில் காட்டுவதை நம்பாதீர்கள். இருட்டறை ஒன்றில் காட்டினாலும் போதாது. அங்கே சுவர் நான்கு மீட்டரில் இருக்கிறது, எல்லாக் கருவியும் நன்றாகத்தான் தெரியும். தினசரி காலண்டரில் அமாவாசையைப் பார்த்து, அதற்கு முன்னால் வருமாறு வாங்கி, திருப்பிக் கொடுக்கும் தவணைக்குள் தோப்பில் சோதித்துவிடுங்கள். காவல்காரர் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். நமக்குச் சுலபமாக இருக்கும் பொத்தான் அவர் விரலுக்குத் தட்டுப்படாமல் போகலாம். மூக்குக் கண்ணாடி போடுகிறவர் என்றால் திரையைக் கண்ணுக்கு ஏற்றபடி திருகும் வசதி அவசியம்.

பில்லைக் கடை பெயரில் வாங்கி ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி எடுக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். கருவிக்கு 18 சதவீதம் வரி. கடை, குடோன் வேலைக்கு வாங்கும் கேமராவுக்கு, முறையான பதிவில் உள்ளவர் எடுக்கலாம். காம்போசிஷனில் உள்ளவர் எடுக்க முடியாது. தோப்பு விவசாயக் கணக்கு. அதற்கு வாங்கியதைக் கடைக் கணக்கில் கலக்காதீர்கள். ஐநூறு, ஆயிரத்துக்கு ஆசைப்பட்டு நோட்டீசுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பானேன்.

"நைட் விஷன்" என்று சொல்லி இருநூறு ரூபாய்க்கு விற்கும் மஞ்சள் கண்ணாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடியற்காலைச் சந்தைக்கு லோடு வேன் ஓட்டும் நம் டிரைவர்கள் பலர் இதைப் போடுகிறார்கள். எதிர் வண்டி வெளிச்சத்துக்கு நல்லது என்று நம்பிக்கை. அது கண்ணுக்கு வரும் வெளிச்சத்தைக் குறைக்கிறதே தவிரக் கூட்டுவதில்லை. 2019 ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இதைப் போட்டவர்கள் சாலையில் நடப்பவரைக் கண்டுகொள்வதில் எந்த நன்மையும் காணவில்லை. வேன் கண்ணாடியைத் துடைத்து வைத்தாலே அதைவிடப் பலன்.

வனத்துறை விஷயம்

நம் மலைப்பகுதி 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். காப்பக எல்லையை ஒட்டி இரவில் இத்தகைய கருவியோடு நடமாடினால் வேட்டைக்காரர் என்ற சந்தேகம் வருவது இயல்பு. கருவி வாங்கியதும், தோப்பு சர்வே எண், காவல்காரர் பெயர், கருவியின் விவரம் ஆகியவற்றை எழுதி வனச்சரக அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் கேட்கிறதோ இல்லையோ, நமக்குப் பாதுகாப்பு. துப்பாக்கியில் பொருத்தும் வகைக் கருவி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். காட்டுப்பன்றி விஷயத்தில்கூட, 2025 ல் தமிழக அரசு எடுத்த முடிவின்படி காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடும் அனுமதி வனத்துறையினருக்குத்தான், நமக்கல்ல.

யானை தெரிந்தால் செய்ய வேண்டியது ஒன்றே. இறங்காமல் இருப்பது, வனத்துறைக்குப் போன் செய்வது. வெடி போடுவதும் டார்ச் அடித்து விரட்டுவதும் காவல்காரர் வேலை இல்லை. இதை முதலாளியே அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், காய் போய்விட்டால் முதலாளி கோபிப்பாரே என்று அவர் இறங்கத்தான் செய்வார். டிஜிட்டல் கருவியில் படம் பதிவாகியிருந்தால் இழப்பீட்டு மனுவோடு சேர்த்துக் கொடுக்கலாம்.

தெர்மல் பற்றிச் சொல்வதாகச் சொன்னோம். ஒரே பாதையில் அடுத்தடுத்து ஆறேழு தோப்பு வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒன்று வாங்கலாம் என்பது நம் யோசனை. யானை ஒரு தோப்புக்குள் மட்டும் வருவதில்லை; பாதையோடுதான் வரும். மேட்டில் உள்ள ஒரு பரணில் ஒருவர் தெர்மலோடு உட்கார்ந்தால், மற்றக் காவல்காரர்களுக்கெல்லாம் போனில் சொல்லிவிட முடியும். அய்யனார் கோவில் பாதையில் ஐந்து பேர் சம்மதம் தெரிவித்திருக்கிறார்கள். கருவியை யார் வீட்டில் வைப்பது, பருவம் முடிந்ததும் யார் சார்ஜ் போட்டுப் பராமரிப்பது என்பதில்தான் இன்னும் பேச்சு முடியவில்லை. சேர விரும்பும் உறுப்பினர்கள் தை மாதத்துக்குள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.

கை முறிந்த பெரியவர் இந்தப் பருவமும் காவலுக்கு வருகிறார். அவர் முதலாளி ஒற்றைக் கண் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். பொத்தான்கள் சிறிதாக இருக்கின்றன என்று பேரனை விட்டு அவற்றில் சிவப்பு நெயில் பாலிஷ் தடவி வைத்திருக்கிறார். ராத்திரியில் சிவப்பு எங்கே தெரியும் என்று நாம் கேட்டோம். "தடவினதுல கொஞ்சம் மேடா இருக்குல்ல மொதலாளி, வெரலுக்குத் தெரியும்" என்றார்.